மூன்று ஊசியா, இரண்டு மூட்டா?

கேள்வி: என் வயது 61. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் மகனுடன் வசிக்கிறேன். உயரம் 152 செ.மீ., எடை 78 கிலோ. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்துச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக வலது முழங்காலில் வலி. இடது காலில் எப்போதாவது லேசாக இருக்கும். மாடிப்படி ஏறி இறங்குவதும், தரையில் உட்கார்ந்து எழுவதும் பெரும்பாடாக இருக்கின்றன. சமதளத்தில் கால் மணி நேரம் நடக்க முடிகிறது. எக்ஸ்ரேயில் வலது மூட்டுத் தேய்மானம் ‘கிரேடு 3’, இடது ‘கிரேடு 2’ என்றும், எம்.ஆர்.ஐ.யில் வலது மூட்டின் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் இரண்டு மூட்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் பி.ஆர்.பி. ஊசி மூன்று போட்டால் குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்கிறார். இப்போதைக்கு மருந்துக்கடையில் வாங்கிய அசிக்ளோஃபெனாக் மாத்திரையைத் தினமும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். உறவினர் ஒருவர் வாங்கித் தந்த, பெயர் எதுவும் அச்சிடாத சூரணத்தையும் மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். அதில் வலி நன்றாகக் கேட்கிறது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் உண்டு. நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். வருகிற தை மாதம் மகனுக்குத் திருமணம். நான் எந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

ஊசியா, அறுவை சிகிச்சையா என்ற உங்கள் கேள்விக்கு வருமுன், அந்த மாத்திரையையும் பெயரில்லாச் சூரணத்தையும் பற்றிப் பேசிவிட வேண்டியிருக்கிறது. முழங்கால் சில மாதம் காத்திருக்கும், சிறுநீரகம் காத்திருக்காது.

நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டின்படி, இரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டனுடன் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இரண்டோடு அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்ற வலி நிவாரணிகளில் எதுவும் தினசரி சேரும்போது, சிறுநீரகத்துக்குள் இரத்தம் வடிகட்டப்படும் அழுத்தம் மூன்று பக்கமிருந்தும் குறைகிறது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு இது சிறிய விஷயமன்று. இதே வலி மாத்திரைகள் இரத்தக் கொதிப்பை ஏற்றிவிடும். இரைப்பையில் புண் உண்டாக்கும். வயதானவர்களுக்கு அந்தப் புண் வலியே இல்லாமல் இரத்தம் கசிந்து, மலம் தார்போலக் கருத்துப் போகும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே அசிக்ளோஃபெனாக் மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும், சிறுநீரில் அல்புமின் அளவையும் பார்த்து, சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்தினால் வலிக்குமே என்பீர்கள். டைக்ளோஃபெனாக் களிம்பை முழங்காலைச் சுற்றிலும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவிக்கொள்ளலாம். தோலின் வழியே மூட்டுக்குப் போகும் இந்த மருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. முழங்கால் போன்ற, தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளில் மாத்திரையை ஒட்டியே வேலை செய்கிறது. இருந்தாலும், கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால் களிம்பைத் தொடர்வது பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். களிம்பு தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்கவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. பாராசிட்டமாலின் பலன் இந்த வலியில் சொற்பம்தான். என்றாலும் வலி தாங்காத ஒரு நாளில் அளவோடு போட்டுக்கொள்வதில் தவறில்லை.

சூரணத்தை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். காரணம் இதுதான்: நான்கு ஆண்டு வலி ஒரு பொடியில் ‘நன்றாகக் கேட்கிறது’ என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவார். பதிவு பெற்ற சித்த மருத்துவர் பெயரும் உட்பொருளும் எழுதித் தரும் மருந்தைப் பற்றி நான் இதைச் சொல்லவில்லை. பெயரில்லாப் பொட்டலங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாதக்கணக்கில் உள்ளே போனால் முகம் உப்பும், சர்க்கரை எகிறும், எலும்பு மெலியும். உடல் தனக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் மயக்கமும் வாந்தியும் வந்து ஆபத்தாகலாம். எனவே பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளுக்குள் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். முடவாட்டுக்கால் சூப்பைப் பொறுத்தவரை, சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. மிளகும் சீரகமும் போட்ட சூடான சூப் யாருக்கும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அது தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் என்று எண்ணி வேறு எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி முழங்காலுக்கு வருவோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் முனையிலும் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. அதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. குருத்தெலும்பு தேய்வதால் நேரடியாக வலிப்பதில்லை. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உள்ளுறை, அதைச் சுற்றிய தசைநார் ஆகியவை உறுத்தப்படுவதால்தான் வலிக்கிறது. இரத்தக் குழாய் இல்லாத அந்தத் திசுவுக்கு ஊட்டம் எங்கிருந்து வருகிறது? நாம் காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, மூட்டு நீரை உறிஞ்சித்தான் அது தன்னைப் பேணிக்கொள்கிறது. நடந்தால் தேயும் என்று உங்கள் வீட்டில் சொல்வது நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அசைவே அந்தத் திசுவின் சாப்பாடு. நடக்காமல் முடங்கிய காலில் முதலில் வற்றுவது தொடைத் தசை. அது வற்றினால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டில் இறங்குகிறது.

கிரேடு 3 என்ற சொல் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது என்பது கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. இந்தத் தரவரிசையை 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பிடைவெளி எவ்வளவு குறுகியிருக்கிறது, ஓரத்தில் எலும்பு முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து 0 முதல் 4 வரை எண் கொடுக்கும் முறை அது. எண்ணுக்கும் வலிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. கிரேடு 4 உள்ள காலோடு வயலில் நாற்று நடுகிறவர்களும் இருக்கிறார்கள், கிரேடு 2இல் படுக்கையை விட்டு எழத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எந்தச் சிகிச்சை என்பதை எக்ஸ்ரேயின் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது. உங்கள் எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா, படுக்கவைத்து எடுத்ததா என்று மட்டும் பாருங்கள். உடல் பாரம் ஏறி நிற்கும்போது எடுத்தால்தான் இடைவெளி சரியாகத் தெரியும்.

ஜவ்வு கிழிசலும் அப்படித்தான். ஜவ்வு என்று நாம் சொல்லும் பிறை வடிவத் தட்டு, ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கும் ஓரத்தில் நைந்து கிழிந்துதான் இருக்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் நகரில், ஐம்பது வயது கடந்த பொதுமக்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இருக்கவே இல்லை. பந்து விளையாடும்போது கால் முறுக்கிக்கொண்ட இருபது வயதுப் பையனின் கிழிசல் வேறு; தேய்மானத்தோடு சேர்ந்து வரும் இந்தக் கிழிசல் வேறு. துளையிட்டு உள்ளே குழாய் விட்டு ‘கிளீன் பண்ணிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2002இல் ஹூஸ்டனில் 180 நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், சிலருக்கு உண்மையாகவே மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தும் இரு தரப்பாருக்கும் வலியில் வேறுபாடு இல்லை. கால் மடங்கிய நிலையில் நிஜமாகவே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் மட்டும் அது பற்றித் தனியாக யோசிக்கலாம்.

வலி முழங்காலிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் முதுகுத் தண்டு நரம்பு அழுத்தமும் முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டு. தொடை இடுக்கில் வலி, காலைத் திருப்பிச் செருப்புப் போட முடியாமை, முதுகிலிருந்து இறங்கும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணி நேரத்துக்குள் தளர்ந்தால் அது தேய்மானத்தின் இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் கணுக்களும் வீங்கினால் முடக்குவாதத்துக்கான சோதனை தேவை. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நிற்பதையும் நம் ஊரில் பார்க்கிறோம். உங்கள் கடிதத்தில் இவற்றின் சாயல் எதுவும் இல்லை.

சிகிச்சைகளில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், தயக்கமில்லாமல் தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்குமான பயிற்சிக்கு என்பேன். எலும்பு மருத்துவரிடம் போனால் அறுவை சிகிச்சை அல்லது ஊசி பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்து வருபவர்கள், பயிற்சி என்றதும் ஏமாந்துபோகிறார்கள். ‘பிசியோதெரபி எல்லாம் பார்த்தாச்சு, கேட்கல’ என்பார்கள். என்ன செய்தார்கள் என்று விசாரித்தால், பத்து நாள் மூட்டின்மேல் கரண்ட் வைத்து, மெழுகு ஒத்தடம் கொடுத்திருப்பார்கள். அது பயிற்சியாகாது. தசை வலுப்பெறக் குறைந்தது பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாளாவது, போகப் போகக் கடினத்தைக் கூட்டிச் செய்ய வேண்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தேய்மான வலி உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் மறுபாதிக்கு முறையான இயன்முறைப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தபோது, ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களே வலியிலும் அன்றாட இயக்கத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள்.

முதல் இரண்டு வாரம் கட்டிலில் படுத்தே செய்யலாம். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கட்டிலோடு நசுக்குவதுபோலக் காலை அழுத்துங்கள். தொடையின் முன்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் தசை கல்லாகத் திரள்வது தெரிய வேண்டும். ஐந்து நொடி அழுத்தி, பிறகு தளர்த்துங்கள், பத்து முறை. மூச்சை அடக்கிக்கொள்ளாமல் வாய்விட்டு எண்ணுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது முக்கியம். அடுத்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு மற்றதை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவது. பின்னர் ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது. மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தொடங்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்காரும் இடத்தில் ஒரு தலையணையை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல், முன்பக்கம் சற்றுக் குனிந்து, மெல்ல எழுந்து, அதைவிட மெல்ல உட்காருங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பயிற்சியின் பாதி பலன் போய்விடும். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் வலது காலுக்குக் கூடுதல் பாரம் கொடுத்து எழுங்கள். நடையைப் பொறுத்தவரை, இப்போது முடிகிற கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் நடக்காமல், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டு வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள்.

பயிற்சியின்போது வலிக்கும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் பெரும்பாலோர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியுள்ள மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தில் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பத்துக்கு ஐந்து மதிப்பெண் வரையான வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். முதல் சில அமர்வுகளையேனும் ஒரு இயன்முறை மருத்துவர் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவது நல்லது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் காட்டிக்கொள்ளலாம். வெளியே போக முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்றாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

எடையைப் பற்றிப் பேசினால் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். உங்கள் உயரத்துக்கு 78 கிலோ அதிகம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஆறு மாதத்தில் ஏழெட்டுக் கிலோ குறைத்தால் வலியில் தெளிவான மாற்றம் தெரியும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பட்டினியில் கரைவது நமக்கு வேண்டிய தசையும்தான். இரவில் மூன்று இட்லியும் சாம்பாரும் என்றால் இட்லியை இரண்டாக்கி, சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். முட்டை, மீன், சுண்டல், மோர் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சர்க்கரைக்கான மருந்துகளிலேயே எடையைக் கூட்டுபவையும் உண்டு, குறைப்பவையும் உண்டு என்பதால், மருந்தை மாற்ற வழி இருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். செமாகுளுடைட் என்ற வாராந்தர ஊசியைப் பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், எடையோடு வலியும் கணிசமாகக் குறைந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைப் பக்கவிளைவுகளையும் செலவையும் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் சில மாற்றங்களும் தேவை. மேற்கத்திய கழிப்பறை இல்லையென்றால், இருக்கும் கழிப்பறைமேல் வைக்கும் கமோடு நாற்காலியை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி பதித்துவிடச் சொல்லுங்கள். காய் நறுக்க அரிவாள்மணை முன் உட்காராமல் மேசைக்கு மாறிக்கொள்ளலாம். படி ஏறும்போது வலியில்லாத இடது காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலது காலை முதலில் இறக்குங்கள். கைத்தடி பிடிப்பதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது இடது கையில் பிடிக்க வேண்டும். இதை மட்டும் பத்தில் எட்டுப் பேர் மாற்றித்தான் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. முழங்கால் உறை போட்டால் சிலருக்குத் தெம்பாக இருக்கும், படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

இப்போது ஊசிகளுக்கு வரலாம். மூட்டுக்குள் போடுவது மூன்று வகை. ஸ்டீராய்டு ஊசி, வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரும். அதை அவசரத்துக்கு உதவும் கைமாற்றுக் கடன்போல எண்ண வேண்டும். அடிக்கடி வாங்கினால் கணக்கு தப்பிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து போட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வெறும் உப்பு நீர் போட்டவர்களோடு ஒப்பிட வலி கூடுதலாகக் குறையவில்லை; குருத்தெலும்பு மட்டும் அதிகம் மெலிந்திருந்தது. ஜெல் ஊசி அல்லது ‘ஆயில்’ ஊசி என்று சொல்லப்படும் ஹயலுரானிக் அமில ஊசியைப் பெரும்பாலான நோயாளிகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை; இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதலும் 2022இல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் உங்களுக்குச் சொல்லப்பட்ட பி.ஆர்.பி. உங்கள் இரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவது. சொந்த இரத்தம் என்பதால் பெரிய கெடுதல் இல்லை. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் வலி குறைந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரில் பாதிப் பேருக்கு, உங்களுக்குச் சொன்னதுபோலவே வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டு, இன்னொரு பாதிக்கு உப்பு நீரைப் போட்டு, யாருக்கு எது என்று தெரியாதபடி நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வந்தது. ஓராண்டுக்குப் பிறகு வலியிலும் வேறுபாடு இல்லை, எம்.ஆர்.ஐ.யில் அளந்த குருத்தெலும்பிலும் வேறுபாடு இல்லை. குருத்தெலும்பு ‘வளர்ந்துவிடும்’ என்று ஒருவர் உறுதி கூறினால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவேன். ஸ்டெம்செல் சிகிச்சையின் பெயரால் லட்சக்கணக்கில் கேட்பவர்களிடமும் அப்படியே. தேய்மானத்துக்கு அது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. குளுக்கோசமைன் மாத்திரையை வாங்கி வைத்திருந்தால் தீர்ந்ததும் விட்டுவிடுங்கள். 2006இல் 1,583 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மொத்தமாகப் பார்க்கையில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணம் உலவுகிறது. அது கடைசிக் கட்டம், முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்பது ஒன்று. எப்படியும் செய்ய வேண்டியதுதானே, இப்போதே முடித்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செய்யும்போது, எலும்பு மருத்துவத்திலேயே இதைப்போல நிறைவு தரும் சிகிச்சை குறைவு. 2019இல் பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முழு மூட்டு மாற்றங்களில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டு வரை நிலைத்திருந்தன. அதே சமயம், மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் உலகெங்கும் தெரிந்த செய்தி. இலேசான தேய்மானத்துக்கே அவசரப்பட்டு மாற்றியவர்களும், வலி இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வந்திருந்தவர்களும், பிறகு பயிற்சி செய்யாதவர்களும் அந்தக் கணக்கில் அதிகம் சேர்கிறார்கள். டென்மார்க்கில் மூட்டு மாற்று அறுவைக்குத் தகுதி பெற்ற 100 பேரில் பாதிப் பேருக்கு அறுவை செய்தும், மீதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, அறிவுரை மட்டும் கொடுத்தும் ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். முடிவு 2015இல் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதலாக வந்தன. பயிற்சித் தரப்பில் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் நான்கில் ஒருவர்தான். இந்த ஆய்வை இரு தரப்பு மருத்துவரும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக் காட்டுவதுண்டு. உங்களைப் போல முறையான பயிற்சியை இன்னும் தொடங்கவே தொடங்காதவருக்கு அது சொல்லும் செய்தி எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இரவில் வலியால் தூக்கம் கெட்டு, வீட்டைச் சுற்றி நடப்பதே சிரமமாகி, மூன்று மாதம் பயிற்சி செய்தும் பலனில்லாமல், எக்ஸ்ரேயிலும் தேய்மானம் முற்றியிருந்தால் தயங்காதீர்கள். கால் முழுதும் வில்லாக வளைந்து, நீட்டவே முடியாமல் போகும்வரை காத்திருந்தால் அறுவையும் கடினமாகும், பலனும் குறையும். அப்போதும் உங்களுக்கு வலது மூட்டு மட்டும்தான். எப்போதாவது லேசாக வலிக்கும், கிரேடு 2 உள்ள இடது மூட்டை மாற்றச் சொல்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதிலும் சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவருக்கு ஒரே மயக்கத்தில் இரண்டையும் மாற்றுவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வீண் சோதனை. தேய்மானம் மூட்டின் உள்பக்கத்தில் மட்டும் இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் மாற்றும் அரை மூட்டு மாற்றம் பொருந்துமா என்று கேளுங்கள். மீள்வது விரைவாக இருக்கும், பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சற்று அதிகம். ரோபோ வைத்துச் செய்கிறோம் என்பதற்காகக் கூடுதல் பணம் கேட்டால், பல ஆண்டு கழித்துப் பார்க்கும்போது நோயாளிக்கு வேறுபாடு இருப்பதாக இதுவரை உறுதியாகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் நன்றாக நடக்கலாம், படி ஏறலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குத்துக்காலிடுவதையும் மறந்துவிட வேண்டியிருக்கும். சாமி கும்பிடக்கூட நாற்காலிதான். இதை முன்பே சொல்லாததால் பிறகு மனம் நொந்தவர்கள் பலர்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ரசீதில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதில் மூட்டு மாற்றம் அடங்கும். பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை வழக்கமாக நடக்கிறது.

காய்ச்சலோடு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து தொட முடியாதபடி சுட்டால், கீழே விழுந்த பின் காலை ஊன்ற முடியாமல் போனால், அல்லது கெண்டைக்கால் வீங்கி வலித்தால், இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் பொருட்படுத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டில் கிருமி புகுந்தால் ஒரு நாள் தாமதமும் கூடாது.

கடைசியாக, திருமணம். தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இப்போது பயிற்சியைத் தொடங்கினால் கார்த்திகைக்குள் பன்னிரண்டு வாரம் முடிந்துவிடும். அப்போது எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று பார்த்து, இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். இன்றைய எண்ணிக்கையை இன்றே குறித்து வையுங்கள். முன்னேற்றம் இருந்தும் மண்டபத்தில் நாள் முழுதும் நிற்பதை நினைத்துப் பயமாக இருந்தால், முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு வலது மூட்டில் ஒரேயொரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால், ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே சோதித்துக் குறித்துக்கொண்டு, 300ஐத் தாண்டினால் உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்: ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று அறுவை செய்தால் கிருமி தொற்றும் ஆபத்து கூடுகிறது. ஆகவே பயிற்சி பலனளிக்காமல் அறுவைதான் என்று முடிவானால், அதற்கான தேதியைச் சித்திரை பிறந்த பிறகு குறியுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) 7.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரவும், சொத்தைப் பல் இருந்தால் அதைச் சரிசெய்துகொள்ளவும் அந்த இடைவெளி உங்களுக்குப் போதும்.